ஒன்பது நாள் காசி

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்பக்கம் இருக்கும் ஜெராக்ஸ் கடையில், மணிமொழியிடம் திட்டு வாங்காமல் எந்தப் பெரியவரும் ஒரு நகல்கூட எடுத்துக்கொண்டு போனதில்லை. ஆதார் கார்டை நீட்டினால் போதும். எதற்கு, யார் கேட்டார்கள், நேரில் கேட்டார்களா போனில் கேட்டார்களா என்று மூன்று கேள்வி கேட்டபிறகுதான் மெஷினின் மூடியைத் திறப்பாள். ஓடிபியை யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டு, அவர் திருதிருவென்று விழித்தால் போச்சு. அந்த இடத்திலேயே வங்கிக்குப் போன் போட்டுக் கார்டை முடக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். பதினான்கு வருடமாக அங்கே சம்பளத்துக்கு இருக்கிறாள். வாய் நீளம் என்பார்கள். ஆனால் அவள் எழுதிய ஃபாரம் எந்த ஆபீசிலிருந்தும் திரும்பி வந்ததில்லை என்றும் சொல்வார்கள்.

ஏமாந்துவிட்டு வந்து கடை வாசலில் நின்று அழுகிற கிழவர்களையும் கிழவிகளையும் அவள் நிறையப் பார்த்துவிட்டாள். அதனால் உலகத்தில் பாதிப் பேர் திருடர்கள், மீதிப் பேர் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டுக் காபியும் கொடுக்கிற அசடுகள் என்பது அவள் எண்ணம். பெற்ற தாயை அந்த இரண்டாவது கூட்டத்தில் சேர்த்து வைத்திருந்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அம்மா முத்தம்மாவுக்கு அறுபத்தேழு வயது. அடையாற்றங்கரையில் இருந்த குடிசையை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் அரசாங்க வீடு கொடுத்திருந்தார்கள். மகளும் அவளும்தான். மணிமொழியின் புருஷன் வடபழனியில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறான். அவனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. முப்பது வருடம் முத்தம்மா மயிலாப்பூர், மந்தைவெளி வீடுகளில் பாத்திரம் தேய்த்தவள். வீட்டுக்காரர்கள் காசிக்குப் போய்விட்டு வந்தால் அவளுக்கும் ஒரு கங்கைச் சொம்பு கொடுப்பார்கள். கட்டைவிரல் உயரம், வாயை ஈயம் வைத்து அடைத்த செப்புச் சொம்பு. அப்படிப் பதினொன்று சேர்ந்து, சாமி படத்துக்குக் கீழே வரிசையாக நின்றன. உயிர் போகிற நேரத்தில் வாயில் விடுகிற தண்ணீர் என்பதால் ஒன்றைக்கூட அவள் திறந்ததில்லை. இத்தனை பேர் போய்விட்டு வந்த இடத்துக்குத் தானும் ஒரு தடவை போய்க் காலை நனைத்துவிட்டு வரவேண்டும். அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான்.

போன வருடம் அது கைக்கு எட்டியது. கடைசியாக அவள் வேலை பார்த்த வீட்டு அம்மாள் தங்கபுஷ்பம் தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற திருநெல்வேலிக்காரர். அவர் தன் தெருக்காரர்களோடு காசிக்குக் கிளம்பினார். நீயும் வா முத்தம்மா, பாதிச் செலவு என்னுடையது என்றார். மணிமொழி விடுவாளா? டூர்க்காரருக்குப் போன் போட்டாள். லைசன்ஸ் எண் என்ன, தங்குகிற இடத்தின் விலாசம் என்ன, பணத்துக்கு ரசீது எங்கே என்று அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினாள். அந்த மனிதர் கோபத்தில் இரண்டு வார்த்தை கூடப் பேசிவிட்டார். பார்த்தாயா, இவன் திருடன் என்று முடிவுகட்டி, தங்கபுஷ்பத்தின் வீட்டு வாசலிலேயே நின்று முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மற்றவர்கள் பதினோரு நாளில் சுகமாகப் போய்விட்டு வந்தார்கள். முத்தம்மாவுக்குப் பன்னிரண்டாவது சொம்பு வந்தது. அதை அவள் துடைத்து வரிசையில் வைத்தாள். மகளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு மகளிடம் எதையுமே சொல்லவில்லை.

இந்த வருடம் பொங்கல் கழிந்ததும் தனபாலன் என்று ஒருவன் பெரும்பாக்கத்துக்கு வந்தான். பட்டை விபூதி, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, யாரைப் பார்த்தாலும் அம்மா என்கிற வாய். மணிமொழி கடைக்குப் போயிருக்கிற பகல் வேளையாகப் பார்த்துத்தான் வருவான். ஒவ்வொருத்தியும் என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டான். பெற்ற பிள்ளைகூடக் கேட்காததை இவன் கேட்கிறானே என்று கிழவிகள் உருகிப்போனார்கள். ஆளுக்குப் பதினெட்டாயிரம், ஒன்பது நாள், பிள்ளைகளிடம் ரயில் ஏறியபிறகு சொன்னால் போதும் என்றான். புண்ணியத்துக்குப் போகிற காரியத்தை முன்னாலேயே சொன்னால் தடுப்பதற்கென்றே நாலு பேர் வருவார்கள் என்றான். முத்தம்மாவுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

அவளோடு சேர்த்து ஆறு பேர் கிளம்பினார்கள். கடையில் இருந்தபோது மணிமொழிக்குப் போன் வந்தது. காசிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், திட்டாதே, ஒன்பது நாளில் வந்துவிடுவேன் என்றாள் அம்மா. பிற்பகலில் அந்தப் போன் அணைந்துவிட்டது. ஒன்பது நாளும் மணிமொழிக்குச் சோறு இறங்கவில்லை. காவல் நிலையத்துக்குப் போனாள். வயதில் பெரியவர், சொல்லிவிட்டுத்தானே போயிருக்கிறார், கூட ஐந்து பேர் இருக்கிறார்களே, பொறுத்துப் பாருங்கள் என்றார்கள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அம்மா திரும்பி வந்தால் என்னென்ன கேட்பது என்று ஒரு பட்டியலே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் மாலை முத்தம்மா கறுத்து மெலிந்து, ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பட்டியல் முழுவதும் மறந்துபோயிற்று. மணிமொழி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். போய்விட்டு வந்துவிட்டேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள் முத்தம்மா. போனும் ஆதார் கார்டும் கூட்டத்தில் தொலைந்துபோனதாம். கேனின் மூடியில் தெலுங்கு எழுத்து இருந்ததை மணிமொழி பார்த்தாள். அம்மாவிடம் ஒரு கங்கைச் சொம்பு இல்லை, கையில் காசிக் கயிறு இல்லை என்பதையும் பார்த்தாள். வேறு யாராவது இப்படி வந்திருந்தால் மூன்று கேள்வியில் உண்மையைக் கறந்திருப்பாள். அம்மாவிடம் இனிமேல் எதையும் துருவிக் கேட்பதில்லை என்று அந்த ஒன்பது நாளில் அவள் சாமியிடம் நேர்ந்துகொண்டிருந்தாள்.

காசிக்குப் போய் வந்தவர் காலில் விழுந்தால் பாதிப் புண்ணியம் என்பார்கள். மறுநாள் காலையில் எட்டாவது மாடி தாழ்வாரம் முழுக்க ஜனம். லிஃப்ட் ஓடாமல் இருந்தும் கீழ்த்தளத்திலிருந்தெல்லாம் ஏறி வந்தார்கள். ஒவ்வொருத்தரும் முத்தம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவள் கேனிலிருந்து ஆளுக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தாள். ஆயுசு முழுக்க அடுத்தவர் எச்சில் தட்டைக் கழுவியவளின் காலில் முதல் தடவையாக மனிதர்கள் விழுந்தார்கள். மணிமொழிக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. ஒரு வருடத்துக்கு முன்னாலேயே கிடைத்திருக்கவேண்டிய மரியாதையை நான்தானே கெடுத்தேன் என்று குமைந்தும் போனாள்.

வரிசையில் முதலில் நின்றவள் ஐந்தாவது மாடி செண்பகம். சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை பார்க்கிறவள். அவளுடைய ஒரே பிள்ளை அறிவு மூன்று வருடத்துக்கு முன்னால் பைக்கில் போய் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். சாம்பலைப் பட்டினப்பாக்கம் கடலில் கரைத்தார்கள். ஒரு பிடியை மட்டும் செண்பகம் காசிக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள். அதை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பதால், சின்னச் சட்டியில் போட்டுத் துணியால் மூடி மாடிப்படி ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். மூன்று வருடமாக அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லோரும் அதை இடிக்காமல் ஒதுங்கித்தான் போவார்கள். தண்ணீரை வாங்கிக் குடித்த கையோடு, டூர்க்காரர் நம்பரைக் கொடு அக்கா என்று கேட்டாள் செண்பகம். நம்பர் தொலைந்த போனில் இருந்தது என்றாள் முத்தம்மா. உன் முட்டி வலிக்கு அவ்வளவு தூரம் ஆகாது என்றும் சொல்லிப் பார்த்தாள். உனக்கு ஆனது எனக்கு ஆகாதா என்று செண்பகம் சிரித்தாள்.

நம்பர் கிடைப்பதா கஷ்டம்? அவன் கொடுத்துவிட்டுப் போன நோட்டீஸ் யாரோ ஒருத்தி வீட்டு அரிசி டப்பாவுக்குள் இருந்தது. செண்பகம் அவனுக்குப் போன் போட்டு, முத்தம்மா காசிக்குப் போய் வந்த பெருமையையும் சொன்னாள். அடுத்த மாதமே தனபாலன் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், எல்லோரும் வீட்டில் இருக்கும்போது. நேராக எட்டாவது மாடிக்கு ஏறி வந்து, கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் முத்தம்மாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். என்னைப் பற்றி நான் சொல்வதைவிட இந்த அம்மாவைக் கேளுங்கள் என்றான். முத்தம்மா அவன் தலையில் கை வைத்தாள். அப்போது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டதை மணிமொழி பார்த்தாள். பக்தி என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்பது பேர் சேர்ந்தார்கள். தனபாலன் கொடுத்த ஒன்பது ஃபாரத்தையும் எழுதிக் கொடுத்தவள் மணிமொழி. பழைய பாவத்துக்குப் பிராயச்சித்தம் என்று ஒரு பைசா வாங்காமல் நகல் எடுத்துக் கொடுத்தாள். மணிமொழியே எழுதித் தருகிறாள் என்றால் அதில் வில்லங்கம் இருக்காது என்று சொல்லித்தான், தயங்கிய இரண்டு பேரும் பணத்தைக் கட்டினார்கள். செண்பகம் தன் கம்மலை விற்றுவிட்டு வந்தாள்.

அவர்கள் புறப்பட்ட அன்று காலை ஒன்பதரை மணிக்கு ரயிலிலிருந்து செண்பகம் கூப்பிட்டாள். குரலில் குழந்தைக்குண்டான குஷி.

“மணி, டிக்கெட்டுல விஜயவாடா வரிக்கும்தான் போட்டுகீதுன்னு டிடிஆர் சொல்றாரு. அங்க வண்டி மாறணும்னு தனபாலன் சொல்றாரு. உங்கம்மாவும் அங்கதான் மாறினாங்களா?”

டிக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாள் மணிமொழி. கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். ஒன்பது பேருக்கும் விஜயவாடாவோடு சரி. அங்கிருந்து காசிக்கு எது என்று அவனிடம் கேட்கச் சொன்னாள். டிக்கெட் அங்கேதான் கையில் வரும், போனையும் ஆதாரையும் சத்திரத்தில் பதிவுக்காக வாங்கிக்கொள்வார்கள் என்று பதில் வந்தது. கேன் மூடியின் தெலுங்கு எழுத்து மணிமொழியின் கண்முன்னால் வந்து நின்றது. கடையை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினாள். ரயில்வே உதவி எண்ணுக்குப் பேசினாள். அவர்கள் அக்கறையாகத்தான் கேட்டார்கள். ஆளை அனுப்பி விசாரிக்கிறோம், ஆனால் பயணம் செய்கிறவர்களோ முன்னால் ஏமாந்தவர்களோ ஒருத்தராவது வாய் திறந்து சொல்லவேண்டும் என்றார்கள். ரயில் விஜயவாடாவைத் தொட இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. போன பணம் போகட்டும். போனும் அடையாள அட்டையும் பறிபோகாமல், தெரியாத ஊரில் நடுத்தெருவில் நிற்காமல் அந்த ஒன்பது பேரையும் காப்பாற்றிவிடலாம். அவனையும் ரயிலிலேயே பிடித்துவிடலாம். முத்தம்மா ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

வீட்டில் முத்தம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நீ காசிக்குப் போனாயா இல்லையா என்று மணிமொழி மூச்சிரைக்கக் கேட்டாள். கையில் இருந்த காம்பு முடியும்வரை முத்தம்மா உருவினாள். பிறகு தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

விஜயவாடாவில் இறக்கி ஒரு சத்திரத்துக்குக் கூட்டிப்போனான். பதிவுக்கு என்று போனையும் கார்டையும் வாங்கிக்கொண்டான். முதலில் ஆற்றில் முழுகிவிட்டு வாருங்கள், அதுதான் முறை என்றான். ஈரத்துணியோடு ஆறு பேரும் திரும்பி வந்தபோது ஆள் இல்லை. சத்திரத்துக்காரர் பரிதாபப்பட்டுத் தாழ்வாரத்தில் படுக்க விட்டார். மலைக்கோயில் அன்னதானத்தில் சாப்பிட்டார்கள். மறுநாளே ஊருக்கு ரயில் ஏற்றிவிடுவதாகக் கோயிலில் சிலர் சொன்னார்கள். ஆறு பேரும் ஆற்றுப் படியில் உட்கார்ந்து யோசித்தார்கள். ஒன்பது நாள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தாயிற்று. இரண்டாம் நாள் எந்த முகத்தோடு போய் நிற்பது? அதனால் ஒன்பது நாளையும் அந்த ஆற்றங்கரையிலேயே கழித்தார்கள். கடைசி நாள் கேன் வாங்கி ஆற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டார்கள். உயிர் போனாலும் வெளியே சொல்வதில்லை என்று தண்ணீரில் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள்.

“மறுநாளே வந்திருக்கலாமேம்மா,” என்றாள் மணிமொழி.

“வந்திருக்கலாம். வந்தா நீ இன்னா சொல்லுவேன்னு எனுக்குத் தெரியும். நான் அப்பவே சொன்னேன்லன்னு சொல்லுவ. அத்த கேக்கறதுக்குப் பயந்துக்கினுதான் ஒம்போது நாளு அங்க கெடந்தேன்.”

அதைத்தான் மணிமொழி சொல்லியிருப்பாள். பட்டியலில் முதல் வரியே அதுதான்.

அந்த ஒன்பது பேரும் இப்போது ரயிலில் இருக்கிறார்களேம்மா என்று மணிமொழி கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். கூட்டத்தில் பாதிப் பேருடைய அம்மாவோ அத்தையோ அந்த ரயிலில் இருந்தார்கள். இவளுக்கு அன்றைக்குத் தன் அம்மா போவது பொறுக்கவில்லை, இன்றைக்கு அடுத்தவர்கள் போவது பொறுக்கவில்லை என்று ஒருத்தி முணுமுணுத்தாள். மணிமொழி செண்பகத்தைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, போனை அம்மாவின் மடியில் வைத்தாள். சொல்லும்மா, உன் காலில் விழுகிறேன் என்றாள். நிஜமாகவே விழுந்தாள்.

“முத்தம்மாக்கா,” என்றாள் செண்பகம். ரயில் சத்தம் கேட்டது. “மணி இன்னான்னமோ சொல்லுது. இங்க போலீஸ்காரரு வந்து நின்னுக்கினுகீறாரு. நீ காசிக்குப் போனியா இல்லியா? நீ சொல்லு, நான் கேட்டுக்கிறேன்.”

முத்தம்மா வாசலைப் பார்த்தாள். அங்கே நின்ற ஒவ்வொருவரும் அவள் கையால் ஒரு ஸ்பூன் தண்ணீர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தவர்கள். மணிமொழி அம்மாவின் காலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“போனேன்டி,” என்றாள் முத்தம்மா. “தண்ணில எறங்கசொல்ல பாத்து கால வை. படி வழுக்கும்.”

மணிமொழி போனைப் பிடுங்கிப் பேசுவதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். பிறகு எடுக்கவே இல்லை. பயணிகள் தாங்களாக விருப்பப்பட்டுத்தான் போவதாகச் சொல்கிறார்கள் என்று உதவி எண்ணிலிருந்து செய்தி வந்தது. இரண்டரை மணிக்குச் செண்பகத்தின் போன் அணைந்தது. கூட்டம் கலைந்தபிறகு, அத்தனை பேர் எதிரில் எப்படிடி சொல்வேன் என்று முத்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மணிமொழி அவளைச் சமாதானப்படுத்தவில்லை. திட்டவும் இல்லை. சாயங்காலம் காவல் நிலையத்தில் தன் பெயரில் புகார் எழுதிக் கொடுத்தாள். ஏமாந்தவரை அழைத்து வாருங்கள் என்றார்கள். முத்தம்மா கட்டிலை விட்டு எழுந்திருக்க மறுத்துவிட்டாள். அவளோடு போன மற்ற ஐந்து பேரும் சத்தியத்தை மீற மறுத்துவிட்டார்கள். ஒன்பது ஃபாரத்திலும் மணிமொழியின் கையெழுத்துதான் இருந்தது.

அடுத்த எட்டு நாளும் மணிமொழி தினமும் அந்த ஜன்னல் கம்பியைத் தாண்டித்தான் மாடி ஏறினாள். சட்டி கட்டியிருந்த இடம் காலியாக இருந்தது. பழக்கதோஷத்தில் ஒதுங்கித்தான் போனாள். ஒன்பதாம் நாள் செண்பகம் வந்தால் எல்லோர் முன்னாலும் உண்மையை உடைத்துவிடுவது, அம்மாவின் மானம் போனாலும் சரி என்று தீர்மானித்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் செண்பகம் கேனோடு வந்தாள். மறுநாள் காலை ஐந்தாவது மாடியில் வரிசை. அறிவைக் கரைத்தாயா என்று ஒரு கிழவி கேட்டாள்.

“கரைச்சேன்,” என்றாள் செண்பகம். “கங்கையம்மா மடியில போட்டுட்டேன்.”

வரிசையில் நின்ற மணிமொழிக்குச் சொல்லவேண்டியது தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் உன் பிள்ளை போனது கங்கையில் இல்லை என்று இத்தனை பேர் முன்னால் அவனைப் பெற்றவளிடம் சொல்லவேண்டும். அவளுக்குத் தெரியாததா அது? தாங்க முடியாததால்தானே அவள் அப்படிச் சொல்கிறாள்? மணிமொழியின் முறை வந்துவிட்டது. கையை நீட்டினாள். செண்பகம் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு ஸ்பூன் விட்டாள். மணிமொழி அதை வாயில் ஊற்றிக்கொண்டாள். விழுங்கவில்லை.

அவளுக்குப் பின்னால் நின்றவள் முத்தம்மா. இரண்டு கிழவிகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஸ்பூன் கேனின் வாயிலேயே நின்றது.

“நீ சொன்னா மாதிரியேக்கா,” என்றாள் செண்பகம் மெதுவாக. “படி வழுக்கிச்சி.”

முத்தம்மா குனிந்து தண்ணீரை வாங்கிக் குடித்து, ஈரக்கையைத் தலையில் துடைத்துக்கொண்டாள். அப்போது கீழ்த்தளத்துக்காரி ஒருத்தி மணிமொழியின் தோளைத் தொட்டாள். தனக்கும் தன் வீட்டுக்காரருக்குமாக நாளைக்கு இரண்டு ஃபாரம் எடுத்து வரமுடியுமா என்று கேட்டாள். தாழ்வாரத்தில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். செண்பகமும் பார்த்தாள். மணிமொழி வாயில் இருந்த தண்ணீரை விழுங்கினாள்.